உலகம்மை வீட்டு வயர்ப்பெட்டி

“அக்கா, அந்தப் பெட்டியை எடுத்துருங்க” என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்தப் பெட்டி, அண்ணாச்சி?”

“ஜெசிந்தா செஞ்சு வச்சிருக்காளே, அது. வயரெல்லாம் உள்ள போட்டு மூடி வச்சிருக்கால்லா.”

“அதுல என்ன குறை?”

“கலர் ரொம்பக் கருப்பு. கூடமே இருட்டடிச்சுக் கெடக்கு.”

“சரி.”

“அடியில பெருக்க முடியாது. பல்லி அடையும்.”

“சரி.”

“சுவரோட ஒட்டி நிக்கல. ஒரு இஞ்சு தள்ளி நிக்கு. அளவெடுக்கத் தெரியாதவ செஞ்ச மாதிரி இருக்கு.”

“சரி. வேற?”

வேறு ஒன்று இருந்தது. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆவுடையப்பன் அதை விழுங்கினார்.

“வேற ஒண்ணுமில்ல.”

“அப்ப இருக்கட்டும்” என்றார் உலகம்மை.

மீதிக் கீரையில் பாதியை அவர் பக்கம் தள்ளி வைத்தார். அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆய்ந்தார்.

*

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்தேழு. உலகம்மைக்கு நாற்பத்தாறு. இவர் அவரை அக்கா என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் யாருக்கும் அது வேடிக்கையாகப் பட்டதில்லை.

வீடு அம்பாசமுத்திரத்தில், ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்றாவது தெருவில் இருந்தது. மடம் என்றோ ஆசிரமம் என்றோ பெயர்ப்பலகை கிடையாது. உலகம்மை காவி கட்டியவரும் இல்லை. தபால் ஆபீஸில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் பாய் விரிப்பார். பதினைந்து இருபது பேர் வருவார்கள். சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஏதாவது கேட்பார்கள். சில ஞாயிறு உலகம்மை பதில் சொல்வார். சில ஞாயிறு எல்லாருக்கும் சுக்குத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்புவார்.

வெளியூரில் இருப்பவர்கள் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்பார்கள்.

ஆவுடையப்பன் ஒரு நூற்பாலையில் முப்பத்திரண்டு வருஷம் எலக்ட்ரீஷியன். ஓய்வு பெற்ற மறு மாசம் அங்கே வந்தார்.

“சும்மா இருக்க முடியல” என்றார், முதல் நாள்.

உலகம்மை பதில் சொல்ல வாயெடுத்தபோது மைக் நின்றுவிட்டது.

“முதல்ல இதைக் கொஞ்சம் பாருங்க” என்றார்.

பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் சரியானது. அவர் கேட்ட கேள்வியை அவரே மறந்துபோனார்.

அது நடந்து ஒன்பது வருஷம்.

ஒன்பது வருஷத்தில் அந்தக் கூடத்துக்கு மைக் செட் புதிதாக வந்தது. கம்ப்யூட்டர், மோடம், இரண்டு ஸ்பீக்கர், மேசை விளக்கு, இன்வெர்ட்டர், சுக்குத்தண்ணிக்கு இண்டக்‌ஷன் அடுப்பு, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆவுடையப்பன் ஒரு வயர் இழுத்தார். வயர் எட்டாத இடத்துக்கு இன்னொரு வயரைச் சேர்த்தார். பழையது போனால் பக்கத்தில் புதியதை ஓட்டினார். பழையதை எடுக்க மாட்டார்.

உலகம்மைக்குப் பின்னால் இருந்த சுவர், ஆலமரத்து விழுது இறங்கின மாதிரி ஆனது. எது எங்கே போகிறது என்று ஆவுடையப்பன் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஏதாவது நின்றால் உலகம்மை தலையைத் திருப்பிக் கூட்டத்தில் தேடுவார்.

“அண்ணாச்சி!”

அவர் எழுந்து போவார். எல்லாரும் வழிவிடுவார்கள். குனிந்து, ஒரு வயரைத் தூக்கி, இன்னொன்றைத் தள்ளி, எதையோ அழுத்துவார். மைக் உயிர் பெறும். கூட்டம் மூச்சு விடும்.

ஒரு வருஷம் அவருக்குக் காய்ச்சல். ஒரு ஞாயிறு வரவில்லை. அன்றைக்கு எதுவும் வேலை செய்யவில்லை.

“நீங்க இல்லாம ஒண்ணும் ஓடல அண்ணாச்சி” என்று போனில் சொன்னார்கள்.

காய்ச்சல் அப்போதே விட்டுவிட்டது.

*

ஜெசிந்தா வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. முப்பத்தைந்து வயது. கல்லிடைக்குறிச்சி ரோட்டில் தச்சுப்பட்டறை வைத்திருக்கிறாள். அடுக்களை அலமாரி, துணி பீரோ, டி.வி. மேசை எல்லாம் செய்து கொடுப்பாள். தாலி கட்டின ஆள் விட்டுப் போனபின் அந்தப் பட்டறையை அவளே நடத்துகிறாள். கடைசி வரிசையில் உட்காருவாள். அதிகம் பேச மாட்டாள்.

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கிளம்பும்போது உலகம்மையிடம் கேட்டாள்.

“அக்கா, இந்த வயரை எல்லாம் மறைச்சு ஒரு பெட்டி செஞ்சு தரட்டுமா?”

“செய்யேன்.”

அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த சனிக்கிழமை ஆவுடையப்பன் மகள் வீட்டுக்குத் தென்காசி போயிருந்தார். ஞாயிறு காலை வழக்கம்போல அரை மணி நேரம் முன்னால் வந்தார். வாசலிலேயே உலகம்மையின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

உள்ளே போனார்.

சுவரில் ஒரு வயர்கூட இல்லை.

சுவர் ஓரமாக நீளமாய், முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. மேலே மூடி. பக்கத்தில் சின்னக் கதவுகள். கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் அதன்மேல் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்திருந்தன. இண்டக்‌ஷன் அடுப்பு ஒரு ஓரத்தில் இருந்தது. எதற்கும் வால் தெரியவில்லை.

உலகம்மை சுவரைத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பாத்தியளா! நம்ம சுவர் இவ்வளவு பெருசா?”

ஒன்பது வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை.

“நல்லாருக்கு” என்றார்.

ஜெசிந்தா பெட்டியின் கதவைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். மைக். மோடம். விளக்கு. வலது ஸ்பீக்கர். இடது ஸ்பீக்கர்.

“இனி யாரு வேணும்னாலும் பாத்துச் செய்யலாம்லா அண்ணாச்சி” என்றாள். “உங்களுக்கும் சிரமம் இல்ல.”

அவளுக்குச் சூது தெரியாது. உண்மையாகவே அவர் சிரமத்தை நினைத்துத்தான் சொன்னாள். அது அவருக்கும் தெரிந்தது. அதனால் இன்னும் எரிந்தது.

அன்றைக்கு நடுவில் மைக் நின்றது. ஆவுடையப்பன் தரையில் கை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார்.

முன்வரிசையில் இருந்த சாகுல் சார் கையை நீட்டினார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். பல்பு மாட்டக்கூடப் பயப்படுகிறவர். கதவைத் திறந்து, மைக் என்று எழுதியதைப் படித்து, பிளக்கை அழுத்தினார். மைக் பேசியது.

உலகம்மை தலையைத் திருப்பவில்லை. யாரையும் தேடவில்லை.

ஆவுடையப்பன் எழுந்த பாதியை மெல்ல உட்கார வைத்தார்.

*

அடுத்த ஞாயிறு அவர் சுவர் ஓரமாக, பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். கையைப் பெட்டியின்மேல் சும்மா வைத்தார்.

பலகை சூடாக இருந்தது.

வெயில் பட்ட சூடு இல்லை. உள்ளேயிருந்து வருகிற சூடு. முப்பத்திரண்டு வருஷம் அந்தச் சூட்டைத் தேடித்தான் அவர் சம்பளம் வாங்கினார். மில்லில் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்வார்: “சூடான வயரைப் பாத்துட்டு டீ குடிக்கப் போனவன் என் செக்‌ஷன்ல இருக்க மாட்டான்.”

கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அடுப்பு ஓடுகிறது. உள்ளே எங்கேயோ காற்று அடைபட்டுக் கிடக்கிறது. இன்றைக்கு ஒன்றும் ஆகாது. வெயில் ஏற ஏற, அடுப்பு ஓட ஓட, ஒருநாள் பிளாஸ்டிக் உருகும். வாடை வரும். புகை வரும். எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். அப்போது உலகம்மை தலையைத் திருப்புவார்.

அண்ணாச்சி!

ஆவுடையப்பன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் திடுக்கிட்டுப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் உலகம்மை வீட்டுக்குப் போய், பெட்டியை எடுத்துவிடச் சொன்னார். கலர் கருப்பு என்றார். பல்லி அடையும் என்றார். சுவரோடு ஒட்டவில்லை என்றார். சூட்டைச் சொல்லவில்லை. சொன்னால் ஜெசிந்தா ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவாள். அப்புறம் பெட்டிக்கு ஒரு குறையும் இருக்காது.

*

பெட்டி வந்தபின் நாலாவது ஞாயிறு, செருப்பு மாட்டும் இடத்தில் ஜெசிந்தா அவரை நிறுத்தினாள்.

“அண்ணாச்சி, ஒரு உதவி.”

“சொல்லும்மா.”

“எனக்கு மர வேலை தெரியும். கரண்ட் வேலை தெரியாது. பெட்டிக்குள்ள ஒரு தடவை நீங்க பாத்துச் சொல்லுங்களேன். ஏதாவது தப்பா வச்சிருந்தா சரி பண்ணிருதேன்.”

கையில் ஸ்க்ரூடிரைவரே கொண்டுவந்திருந்தாள். அவரிடம் நீட்டினாள்.

ஆவுடையப்பன் அதை வாங்கவில்லை.

“அதெல்லாம் பாத்துட்டேன்” என்றார். “எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“அப்பாடா” என்றாள் ஜெசிந்தா. “நீங்க சொன்னாப் போதும்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரயில்வே கேட் அடைத்திருந்தது. காத்து நின்றார். பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. அவள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டாள்.

ரயில் போனது. கேட் திறந்தது. அவர் வீட்டுப் பக்கமே போனார்.

*

அந்த வாரம் அவருக்கு எதிலும் மனசு நிற்கவில்லை. புதன்கிழமை உலகம்மையைப் பார்க்கப் போனார்.

“அக்கா, ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“ஒருத்தருக்கு நல்ல பேரு வந்தா இன்னொருத்தருக்கு ஏன் வயிறு எரியுது?”

“யாருக்கு எரியுது?”

“பொதுவாக் கேட்டேன்.”

“பொதுவா வயிறு கிடையாதே, அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார்.

“அதை அணைக்க என்ன வழின்னு சொல்லுங்க.”

உலகம்மை உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அவர் அதை எடுத்து முழுக்கக் குடித்தார்.

“அணைஞ்சுதா?”

“இல்ல.”

“அப்ப அது வயித்துல இல்ல” என்றார் உலகம்மை. வெற்றுச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

ஆறாவது ஞாயிறு. பங்குனி வெயில். கூடம் நிறைந்திருந்தது. இண்டக்‌ஷன் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் சுக்குத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.

உலகம்மை வழக்கமாகத் தரையில், பாயில் உட்காருவார். அன்றைக்கு நேராகப் போய்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் கையை நீட்டினார்.

“அக்கா, அதுல உக்காராதிய!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏன் அண்ணாச்சி?”

“பலகை… பலகை தாங்காது.”

“ரெண்டு ஆளு உக்காந்தாலும் தாங்கும்னு ஜெசிந்தா சொல்லியிருக்காளே.”

“தாங்கும் அக்கா” என்றாள் கடைசி வரிசையிலிருந்து ஜெசிந்தா. “நல்ல வேங்கை மரம்.”

உலகம்மை சௌகரியமாகக் காலை நீட்டிக்கொண்டார். கையால் பலகையைத் தடவினார். முகம் மலர்ந்தது.

“உங்க யாருக்கும் தெரியாது. நாலு நாளா எனக்கு இடுப்புப் பிடிப்பு. நேத்து சாயங்காலம் அடுப்பு ஓடும்போது சும்மா இதுல சாஞ்சேன். என்ன இதமா இருக்கு தெரியுமா! ஒத்தடம் கொடுத்த மாதிரி. பெட்டி செய்யும்போதே இந்தப் பிள்ளை இதையும் யோசிச்சு சூடு வர்ற மாதிரி செஞ்சிருக்கா. மர வேலையில இப்படிக்கூட உண்டா ஜெசிந்தா?”

கூடத்தில் நாலைந்து பேர் ஆச்சரியப்பட்டார்கள். சாகுல் சார் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, “ஆமாம், ஆமாம்” என்றார்.

ஜெசிந்தா விழித்தாள். “நான் அப்படி ஒண்ணும்…” என்று ஆரம்பித்தாள்.

“யோசிச்சும் செய்யல, ஒரு மண்ணும் செய்யல!”

கத்தியது ஆவுடையப்பன். அவர் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

“அது தப்பு! உள்ள காத்துப் போக வழியில்ல. வயரு வெந்துகிட்டு இருக்கு. இதுக்குப் போயி அவளைப் புகழுதிய! இந்தக் கூடத்தோட எரியப் போற சாமான் அது! அதுக்கும் அவளுக்கே பேரா?”

முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

உலகம்மை எழுந்தார். அடுப்பை அணைத்தார். பிறகு திரும்பினார்.

“எப்ப இருந்து தெரியும், அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் பெட்டியையே பார்த்தார்.

“எப்ப இருந்து?”

“பெட்டி வந்த ரெண்டாவது ஞாயித்துக்கிழமையில இருந்து.”

ஜெசிந்தா கடைசி வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நான் உங்ககிட்டதான் கேட்டேன்” என்றாள்.

பெட்டியின் பக்கம் போனாள்.

*

மெயினை அணைத்தார்கள். எல்லாரையும் வாசலுக்கு அனுப்பினார்கள். ஜெசிந்தா பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்தாள். ஆவுடையப்பன் பின்பலகையைக் கழற்றக் குனிந்தார்.

கழற்றவில்லை. அப்படியே நின்றார்.

பின்பலகை முழுக்க விரல் அகலத்தில் நீள நீளமாய்த் துளை வெட்டியிருந்தது. வரிசையாகப் பன்னிரண்டு. சீராக, பிசிறில்லாமல் இழைத்த துளைகள்.

“காத்துக்குத்தான் வெட்டினேன்” என்றாள் ஜெசிந்தா. “அதுக்குத்தான் சுவரைவிட்டு ஒரு இஞ்சு தள்ளியும் வச்சேன்.”

ஆவுடையப்பன் ஒரு துளைக்குள் விரலை விட்டார். விரல் போகவில்லை. உள்ளே எதுவோ அடைத்திருந்தது.

பலகையைக் கழற்றினார்.

வயர்ச் சுருள்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு சுருள். துளைகளோடு நெருக்கி அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துண்டு. ஏழிலும் எழுதியிருந்தது ஒன்றுதான்.

அண்ணாச்சி வயர். கேக்காமத் தொடக் கூடாது.

“ஒவ்வொண்ணும் எங்க போகுதுன்னு பாத்தேன்” என்றாள் ஜெசிந்தா. “இந்த ஏழும் எங்கயும் போகல. இருந்தாலும் நீங்க போட்டதுல்லா, ஏதாவது காரணம் இருக்கும்னு நெனைச்சேன். வெட்டிப் போட மனசு வரல. மடிச்சு உள்ளயே வச்சேன். நீங்க பாத்து வேண்டாம்னு சொன்னா எடுத்துரலாம்னு இருந்தேன்.”

ஏழு சுருளுக்கும் அடியில் எட்டாவதாக ஒன்று இருந்தது. அது மட்டும் உயிருள்ள வயர். அடுப்புக்குப் போவது. அடுப்புக்கு வேண்டியது ஆறடி. ஆவுடையப்பன் நாலு வருஷத்துக்கு முன்னால், இருக்கட்டும் என்று, அறுபதடி இழுத்திருந்தார். மீதி ஐம்பத்துநாலு அடியும் சுருட்டி, இறுக்கிக் கட்டி இருந்தது. அடுப்பு ஓடும்போதெல்லாம் அந்தச் சுருள்தான் சூடேறியது. சுருளின் நடுவில் வயர்த் தோல் பழுப்பேறி, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தது. மேலே இருந்த சுருளிலும் கருப்பு ஏறியிருந்தது.

ஆவுடையப்பன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். இன்னும் சுட்டது. கீழே வைக்கவில்லை.

உலகம்மை பக்கத்தில் வந்து குந்தினார். செத்த வயர் ஒன்றைத் தொட்டார்.

“இது எதுக்கு, அண்ணாச்சி?”

“பழைய மைக்குக்கு.”

“அந்த மைக் எங்க?”

“அஞ்சு வருஷம் முன்னாலயே போட்டாச்சு.”

“இது?”

“ஒண்ணுக்கும் இல்ல.”

“இது?”

“அதுவும் இல்ல.”

“ஏன் எடுக்கல?”

ஆவுடையப்பன் கையிலிருந்த சுருளைக் கீழே வைத்தார்.

“எடுத்திருந்தா, எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா?”

வாசலில் நின்ற சாகுல் சார் வேறு பக்கம் பார்த்தார்.

*

வேலை முடிய மத்தியானம் ஆனது. ஏழு சுருளையும் வெளியே எடுத்தார்கள். அடுப்பு வயரை வெட்டி எறிந்துவிட்டு, கனமான வயரில் ஆறடி போட்டார் ஆவுடையப்பன். எங்கே என்ன திருக வேண்டும் என்று சொன்னார். ஜெசிந்தா திருகினாள். ஆணி கேட்டால் கொடுத்தாள். வெட்டுக்கத்தி கேட்டால் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பெட்டியைத் திரும்பச் சுவர்ப் பக்கம் தள்ளியபோது, ஆவுடையப்பன் தன் கையால் ஒரு இஞ்சு இடைவெளியை அளந்து வைத்தார்.

ஜெசிந்தா சாமான்களைப் பையில் போட்டாள்.

“ம்மா ஜெசிந்தா” என்றார்.

“வேண்டாம் அண்ணாச்சி” என்றாள். “கொஞ்ச நாளைக்கு நான் உங்ககிட்டப் பேச மாட்டேன். கோவம் போனதும் நானே வந்து பேசுவேன்.”

படி இறங்கிப் போனாள்.

கூட்டமும் கலைந்தது. பாய்கள் சுருட்டாமல் கிடந்தன. ஆவுடையப்பன் ஒவ்வொன்றாகச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தார். எல்லாவற்றையும் சுருட்டி முடித்தபின் செய்ய வேறு வேலை இல்லை. நடுக்கூடத்தில் நின்றார்.

உலகம்மை ஆறிப்போன சுக்குத்தண்ணியை இரண்டு தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். ஒன்றை அவரிடம் கொடுத்தார்.

“நான் இனிமே வரல அக்கா” என்றார் ஆவுடையப்பன்.

“அது உங்க இஷ்டம்.”

அவர் குடித்தார். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். சட்டையைச் சரிசெய்தார். வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. காலையிலிருந்து அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

“அக்கா, இப்பத்தான் எனக்குப் புரியுது” என்றார். “உங்களுக்கு எல்லாம் தெரியும். சூடு தப்புன்னும் தெரியும், நான் மறைச்சதும் தெரியும். என் வாயில இருந்தே வரணும்னுதானே அந்தப் பெட்டி மேல போயி உக்காந்திய? என்னை வெளிய கொண்டுவரத்தானே அவளை அப்படிப் புகழ்ந்திய?”

உலகம்மை தம்ளரைக் கீழே வைத்தார்.

“இல்ல, அண்ணாச்சி” என்றார்.

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார் உலகம்மை. “நீங்க சொல்லலைன்னா, அடுத்த ஞாயிறும் அதுலதான் உக்காந்திருப்பேன்.”